கம்மிங் என்னும் கம்மியர்

பிரித்தானிய அரச குடும்பத்தாரின் அருங்கலச் சேகரிப்பிலே நெடிய கடிகாரம் ஒன்று உண்டு. மூன்றாம் ஜோர்ஜ் மன்னருக்காக 1765ஆம் ஆண்டிலே செய்யப்பெற்றது அது. பொழுது காட்டுதலோடு அமையாது, வளிமண்டலத்தின் அமுக்கம் நாளுக்கு நாள் ஏறியும் இறங்கியும் வரும் வகையினை எவர் உதவியுமின்றித் தானே எழுதிவைப்பது அதன் தனிச்சிறப்பு. குழாயிலே நிற்கும் இரசத்தின்மேல் ஒரு மிதவை. அது ஏறினால் ஏறியும் தாழ்ந்தால் தாழ்ந்தும் கோடு கீறிச் செல்லும் எழுதுகோல். அவ்வெழுதுகோலின் கீழ் ஆண்டுக்கு ஒருமுறை சுற்றிவரும் வரைதாள். மன்னர் இதற்கு ஆயிரம் பவுணுக்கு மேற்பட்ட பெருந்தொகையை விலையாக அளித்தார். அதனோடு நில்லாது, கடிகாரத்தைப் பழுதுபடாமற் பேணிவருதற்கென ஆண்டுதோறும் தனியாக ஓர் ஊதியமும் செய்தவருக்கே வகுத்தார்.

செய்தவர் பெயர் அலெக்சாந்தர் கம்மிங். அவர் கைத்திறத்தால் உலகிற்கு வந்த பொருள் பிறிதொன்றும் உண்டு. அதனைக் காண அரண்மனைக்குச் செல்லவேண்டுவதில்லை. அடுக்களையிலே பாத்திரம் கழுவும் தொட்டியின் அடியிற் குனிந்து நோக்கின், கீழ்நோக்கி இறங்கும் குழாய் நேரே செல்லாது, வளைந்து மேலெழுந்து, பின் திரும்பிச் செல்வதைக் காணலாம். அந்த வளைவே அது. அதற்கு எந்த மன்னரும் ஆயிரம் பவுண் கொடுத்திலர். அதனைப் பேணுதற்கு ஊதியம் பெறுவாரும் இலர். ஆயினும், ஆயிரக்கணக்கான மக்கள் ஒருவர் தலைக்குமேல் ஒருவராக மாடிவீடுகளிலே வாழ்ந்தும், பிறர் கழிவின் நாற்றம் தம் வீட்டுக்குள் வராதிருப்பது அந்தச் சிறு வளைவினால் என்பதை எண்ணிப் பார்ப்பின், அரண்மனைக் கடிகாரத்தினும் அதுவே பெரிது என்று கூறத் தோன்றுகின்றது.

உலோகத்திலும் மரத்திலும் தொழில் செய்வோரைக் கம்மியர் என்பது தமிழ் வழக்கு. கம்மிங் என்னும் பெயருக்கும் இச்சொல்லுக்கும் யாதொரு தொடர்பும் இல்லை; சொல்லாராய்ச்சி வல்லார் சினங்கொள்ள வேண்டா. எனினும் அம்மனிதரின் வாழ்க்கையை நோக்குந்தோறும் அப்பெயர் அவருக்கு எத்துணைப் பொருத்தம் என்று வியவாதிருத்தல் இயலாது.

கம்மிங் 1730ஐ அடுத்த ஆண்டுகளிலே ஸ்கொத்லாந்து தேசத்தவராகத் தோன்றி, எடின்பரோ நகரத்திலே கடிகாரத் தொழில் பயின்றவர். அக்காலத்திற் கடிகாரஞ் செய்தல் என்பது இன்று போல உதிரிப் பாகங்களை வாங்கிப் பூட்டுவதன்று. பல்லுச் சக்கரங்களை வெட்டுதல், உருக்குச் சுருளைப் பதப்படுத்துதல், பித்தளையை மயிரிழை பிசகாது அராவுதல், ஊசலின் நீளத்தைக் கணக்கிடுதல் ஆகிய அனைத்தும் ஒருவனுக்குத் தெரிந்திருத்தல் வேண்டும். கையும் கணிதமும் ஒருங்கே வாய்த்தவனே அத்தொழிலில் நிலைபெறுவான். கம்மிங்குக்கு இரண்டும் வாய்த்தன. 1750ஐ அடுத்த ஆண்டுகளிலே ஆர்கைல் கோமகன் ஆர்ச்சிபால்ட் கம்பெல் என்பார் இன்வரெரி என்னும் ஊரிலே தம் மாளிகையை எழுப்பிக்கொண்டிருந்தார். கம்மிங்கும் அவர் சகோதரர் ஜோனும் அக்கோமகனிடத்தே பணியமர்ந்து கடிகாரங்களும், காற்றினால் இசைக்கும் பெருவாத்தியமாகிய ஓகனும் செய்தனர்.

கடிகாரம் செய்பவருக்கு ஓகனில் என்ன வேலை என்று வாசகர் வினவலாம். ஓகன் என்பது குழாய்களின் கூட்டம். காற்று எந்தக் குழாயினுட் செல்லவேண்டும், எந்தக் குழாயினுட் செல்லலாகாது என்பதை வால்வுகளால் ஆளுதலே அதன் உள்ளுறை. குழாயினுள்ளே காற்றை விடுவதும் தடுப்பதும் கம்மிங்குக்கு இளமையிலேயே கைவந்த வித்தையாயின. பின்னாளில் அவர் செய்த மூன்று பொருள்களும், அதாவது ஓகனும், அமுக்கம் எழுதும் கடிகாரமும், குழாயின் வளைவும், குழாயையும் காற்றையும் பற்றியனவே. இதனை அவரே எங்கும் எழுதினார் என்று யாம் கூறவில்லை. அவருடைய வேலைகளை ஒருங்கு வைத்து நோக்கும்போது எமக்குப் புலப்படுவது இது.

1763க்குள் அவர் இலண்டன் மாநகரை அடைந்து பொண்ட் வீதியிலே தம் தொழிலை நிறுவிக்கொண்டார். அவ்வாண்டிலேயே அவருக்குப் பெருமதிப்பு ஒன்று வந்துசேர்ந்தது. கடலிற் செல்லும் கப்பல் எந்த நெடுங்கோட்டில் நிற்கின்றது என்பதை அறிய முடியாமையால் எண்ணற்ற உயிர்கள் மடிந்த காலம் அது. ஜோன் ஹரிசன் என்னும் தச்சர் மகன், கடலிலும் பொழுது பிசகாத கடிகாரமொன்றை ஆக்கி அக்குறையை நீக்கும் வழியைக் காட்டியிருந்தார். அக்கடிகாரத்தின் நுட்பங்களை ஆராய்தற்கென நியமிக்கப்பெற்றோருள்ளே, தோமஸ் மட்ஜ் முதலிய தலைசிறந்த கடிகாரக்காரரோடு கம்மிங்கும் ஒருவரானார். இலண்டனுக்கு வந்து வேரூன்றிய சிலகாலத்திலேயே இவ்வாறு தெரிவுசெய்யப்படுதல் எளிதன்று.

இரண்டாண்டு கழிந்து மன்னரின் கடிகாரம் நிறைவெய்திற்று. அடுத்த ஆண்டிலே, அதாவது 1766இல், கடிகாரத் தொழிலின் மூலதத்துவங்களை விளக்கும் நூலொன்றையும் அவர் வெளியிட்டார். தாளில் எழுதும் அறிவும் உலையில் உழைக்கும் கையும் ஒருவரிடத்தே கூடுதல் எந்நாட்டிலும் அருமையே. 1770இல் டொக்டர் ஜோன் ஹில் என்பார் மரங்களின் உள்ளமைப்பைப் பற்றி எழுதிய நூலிலே, மரத்தை மிக மெல்லிய சீவல்களாக அரிந்து உருப்பெருக்கிக் கண்ணாடியின் கீழ் வைத்தற்கு உதவிய கருவி விவரிக்கப்பட்டிருக்கின்றது. அக்கருவியைச் செய்தவரும் கம்மிங்கே.

இத்தகைய ஒருவர் மலசலகூடத்தைப் பற்றிச் சிந்திக்கப் புகுந்தமை சிலருக்கு இழிவாகத் தோன்றலாம். எமக்கு அவ்வாறு தோன்றவில்லை.

நீரால் அடித்துச் செல்லும் மலசலகூடத்தை ஆங்கிலேயர் முன்னரே அறியாதவரல்லர். முதலாம் எலிசபெத் அரசியின் ஞானப்பிள்ளையாகிய சேர் ஜோன் ஹரிங்டன், 1596ஆம் ஆண்டிலே அத்தகைய ஒன்றை விவரித்து நகைச்சுவை நிறைந்த நூலொன்று எழுதினார். அரசிக்கும் ஒன்று அமைத்துக் கொடுத்தார். ஆனாலும் அது பரவவில்லை. பரவாமைக்குக் காரணம் பலவாயினும், தலையாயது நாற்றம். வீட்டினுள்ளே ஒரு துவாரமும், அத்துவாரத்திலிருந்து நேரே மலக்குழிக்குச் செல்லும் ஒரு குழாயும் இருந்தால், கழிவு கீழே செல்லும் வழியே குழியின் வாயு மேலே வரும். குழாய்க்குச் செல்லும் வழி, வரும் வழி என்ற வேறுபாடு இல்லை. மலக்குழியை வீட்டுக்கு வெளியே தோண்டிவிட்டு, அதன் மூக்கை மட்டும் படுக்கையறைக்குள் நீட்டிவைத்ததற்கு ஒப்பாகும் அது. ஆகவே செல்வர் வீடுகளிலும் பழைய பாத்திரங்களும் அவற்றைச் சுமக்கும் ஏவலாளருமே நெடுங்காலம் நிலைத்தனர்.

1775ஆம் ஆண்டிலே கம்மிங் தம் அமைப்புக்கு ஆக்கவுரிமை பெற்றார். நீரால் அடித்துச் செல்லும் மலசலகூடத்துக்கு முதன்முதல் ஆக்கவுரிமை பெற்றவர் அவரே. அவ்வமைப்பில் இரண்டு கூறுகள் உண்டு. கிண்ணத்தின் அடியிலே, பிடியை இழுத்தவுடன் பக்கவாட்டில் விலகும் ஒரு வழுக்குத்தட்டு. அதற்குச் சற்றுக் கீழே, ஆங்கில எழுத்தாகிய எஸ் வடிவத்தில் வளைந்த ஒரு குழாய். பிடியை இழுத்தால் தட்டு விலகும். மேலிருந்து நீர் பாயும். கிண்ணத்திலுள்ளவை யாவும் வளைவினூடே அடித்துச் செல்லப்படும். இறுதியாக வரும் நீரிற் சிறிதளவு அவ்வளைவின் பள்ளத்திலே தங்கிவிடும். அவ்வாறு தங்கும் நீரே கதவு. கழிவு வரும்போது அக்கதவு தானே திறக்கும். சென்றபின் தானே மூடும். கீலும் இல்லை, தாழ்ப்பாளும் இல்லை, துருப்பிடிக்க இரும்பும் இல்லை. ஒவ்வொரு முறையும் பழைய நீர் போய்ப் புதிய நீர் வந்து நிற்றலின் கதவும் நாடோறும் புதிதாகின்றது.

இலங்கையிலே நாம் நீரடைப்பு மலசலகூடம் என்று வழங்கும் தொடரிலுள்ள நீரடைப்பு இதுவே. குழாயின் வளைவினை ஆங்கிலத்தைப் பின்பற்றி ட்ரப் என்பர் கடைக்காரர். அதற்குப் பொறி என்னும் தமிழ்ச்சொல்லைப் பொருத்துவதில் எமக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு. எலியைப் பிடிப்பதும் பொறி, எந்திரமும் பொறி, மெய் வாய் கண் மூக்குச் செவியும் பொறி. மூக்கு என்னும் பொறியைக் காத்தற்கு நீரைப் பிடித்துவைக்கும் பொறி என்றால் பொருள் முழுதும் அடங்கிவிடுகின்றதன்றோ?

விந்தை யாதெனில், கம்மிங் தம் கடிகாரத் திறமையெல்லாம் செலுத்திச் செய்த வழுக்குத்தட்டே அவரை ஏமாற்றிற்று. அது கழிவினால் இறுகிற்று; நீர் கசிந்தது; குளிர்காலத்தில் உறைந்து அசையாது நின்றது. யோர்க்ஷயர் பகுதியிலிருந்து வந்த ஜோசப் பிராமா என்னும் தச்சர், கம்மிங் அமைப்பிலான மலசலகூடங்களை வீடுகளிற் பொருத்தி வந்தவர். அவர் அக்குறையைக் கண்டு, வழுக்குத்தட்டுக்குப் பதிலாகக் கீலிலே தொங்கும் மூடியொன்றை அமைத்து 1778இல் தாமும் ஆக்கவுரிமை பெற்றார். வணிகமும் பெருமையும் பெரும்பாலும் பிராமாவைச் சேர்ந்தன. பிற்காலத்திலே அந்த மூடியும் மறைந்தது. அசையும் உறுப்புகள் யாவும் மாறி மாறி மறைய, அசையாத வளைவு மட்டும் இருநூற்றைம்பது ஆண்டுகளாக நிலைத்து, மலசலகூடத்திலிருந்து குளியலறைக்கும், கைகழுவும் பேசினுக்கும், அடுக்களைத் தொட்டிக்கும் பரவிற்று.

இப்பெருமையைத் தோமஸ் கிராப்பர் என்பாருக்கு உரியதாகக் கூறும் வழக்கு ஒன்று உண்டு. கிராப்பர் பிறந்தது 1836இல். கம்மிங் ஆக்கவுரிமை பெற்று அப்போது 61 ஆண்டுகள் கழிந்துவிட்டன. கிராப்பர் நல்ல வணிகர், சில திருத்தங்களைச் செய்தவர் என்பதோடு அக்கதையை விட்டுவிடலாம்.

இனி, அந்த நீர்க்கதவின் இயல்பைச் சற்று விரித்துரைத்தல் வேண்டும். ஏனெனின், கம்மிங் வகுத்த பொருளை நாடோறும் கையாள்பவர் நாமே. அதற்குக் காவலாளரும் நாமே.

வளைவிலே நிற்கும் நீரின் ஆழம் பொதுவாக இரண்டு அங்குலம் முதல் நான்கு அங்குலம் வரையில் அமையும். இரண்டு அங்குல நீர் தாங்கக்கூடிய அமுக்க வேறுபாடு வளிமண்டலவமுக்கத்தில் ஏறத்தாழ 200இல் ஒரு பங்கு. மிகச் சிறியது. ஆனால் கழிவுக்குழாயிலுள்ள வாயு அதனினும் மெலிதாகவே தள்ளுதலின் அச்சிறு நீர் போதியதாகின்றது. இரச நிரலின் நுண்ணிய ஏற்றத்தாழ்வுகளைத் தாளிலே எழுதவைத்தவருக்கு இக்கணக்கு விளங்காதிருக்குமோ? அழுகிய முட்டையின் மணமுடைய ஐதரசன் சல்பைட்டும், தீப்பற்றக்கூடிய மெதேனும், கரப்பான்பூச்சியும் அந்த இரண்டங்குல நீருக்கு அப்பாலே நின்றுவிடுகின்றன.

நீர் போய்விட்டாற் கதவும் போயிற்று. அது போகும் வழிகள் சில. முதலாவது வெயிலும் காற்றும். நெடுநாட் பூட்டிக்கிடக்கும் வீட்டிலும், விருந்தினர் வந்தாலன்றித் திறவாத குளியலறையிலும், வளைவிலுள்ள நீர் சில வாரங்களில் ஆவியாகி வற்றிவிடும். ஊருக்குப் போய் மீண்டு வந்து கதவைத் திறந்தவுடன் வீடெங்கும் நாறுகிறதென்றால், பல்லியோ எலியோ செத்துக்கிடக்கின்றது என்று பெட்டி பேழைகளைப் புரட்டுமுன், ஒவ்வொரு துவாரத்திலும் ஒரு செம்பு நீர் வார்த்துப் பார்த்தல் அறிவுடைமை. நெடும்பயணஞ் செல்வோர் புறப்படும்போது நீர் வார்த்து, அதன்மேற் சிறிதளவு எண்ணெயும் விட்டுச் செல்வாராயின், எண்ணெய் ஆடைபோற் படர்ந்து நீர் ஆவியாவதைத் தாழ்க்கும்.

இரண்டாவது வழி உறிஞ்சுதல். பெருகிவரும் நீர் குழாயை நிறைத்துக்கொண்டு கீழே விரையும்போது, தனக்குப் பின்னுள்ள நீரையும் இழுத்துக்கொண்டே போகும். தொட்டி வெறுமையாகும் தறுவாயிற் கேட்கும் களகள ஓசை, காற்றுக்கு வழிதேடிக் குழாய் தவிக்கும் ஓசை. கம்மிங்கின் எஸ் வடிவத்துக்கு இயல்பாயுள்ள குறை இது; வளைவைத் தாண்டிய குழாய் உடனே செங்குத்தாய் இறங்குதலால் இழுப்பு மிகுகின்றது. அதனாலேயே பிற்காலத்தவர், வளைவுக்குப் பின் குழாயைப் படுக்கையாகச் சுவருக்குட் செலுத்தி, கூரைக்கு மேலே செல்லும் காற்றுக்குழாயொன்றையும் அதனோடு இணைத்தனர். அவ்வோசை ஓயாது கேட்கும் வீடுகளில் காற்றுக்குழாய் உண்டா, இருப்பின் அதன் வாயைப் பறவைக்கூடு அடைத்திருக்கின்றதா என்று பார்ப்பித்தல் வேண்டும். மூன்றாவது வழி நகைப்புக்கிடமானது: வளைவின் விளிம்பிலே ஒரு கற்றை தலைமயிரோ நூலோ சிக்கி மறுபுறம் தொங்குமாயின், விளக்குத்திரி எண்ணெயை ஏற்றுவது போல அது நீரைச் சொட்டுச்சொட்டாக ஏற்றி வெளியே விட்டுவிடும். வீட்டவர் ஒரு பிழையும் செய்யாதிருக்கவே கதவு திறந்துவிடும்.

நீர் வற்றாதிருப்பினும் வளைவு அடைபடுதல் உண்டு. பள்ளத்திலே எது தங்காது? அடுக்களையிலே சோற்றுப்பருக்கையும் தேங்காய்ப்பூவும் எண்ணெயும் கூடிப் பசையாகின்றன. தேங்காயெண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசுக்குக் கீழே உறையத்தொடங்கும். யாழ்ப்பாணத்து வெயிலிலே இடர்செய்யாத எண்ணெய், நுவரெலியாக் குளிரிலே குழாய்க்குள் மெழுகாக நிற்பது இதனால். எண்ணெய்ச் சட்டியைப் பழங்கடதாசியால் துடைத்துவிட்டுப் பின் கழுவுவதும், துவாரத்திலே சல்லடைத்தட்டு வைப்பதும் எளிய காப்பு.

அடைத்துவிட்டது என்றவுடன் கோஸ்டிக் சோடாவைக் கொட்டுவோர் பலர். கண்ணையும் கையையும் எரிக்கும் அப்பொருளினும், குனிந்து இரண்டு சுரைகளைக் கழற்றுதல் நன்று. வளைவின் கீழே ஒரு வாளியை வைத்து, இருபுறமுமுள்ள சுரைகளைக் கையாலே திருகிக் கழற்றினால், வளைவு தனியே வந்துவிடும். உள்ளே நிற்கும் நீரை வாளியிலே கவிழ்த்து, பழைய பற்தூரிகையினாலோ கம்பியிற் சுற்றிய துணியினாலோ தேய்த்துக் கழுவி, வோஷர் வெடித்திருந்தால் மாற்றி, முன்போலப் பூட்ட வேண்டும். பிளாஸ்டிக் சுரையைக் குறட்டால் முறுக்கி உடைப்பவர் பலர். கையின் வலியே போதும். பூட்டியபின் நீரை ஓடவிட்டு, மூட்டுகளை உலர்ந்த கடதாசியால் ஒற்றிப் பார்த்தால் கசிவு தெரியும். கழற்றுவதற்கு முன்னர் எவரேனும் சோடா கொட்டியிருந்தால் உள்ளே நிற்பது நீரன்று என்பதை மறத்தலாகாது. அமிலத்தையும் வெளிற்றும் தூளையும் ஒருங்கு கொட்டுதல் குளோரீன் என்னும் நச்சுவாயுவை வீட்டுக்குள் அழைப்பதாகும். போத்தல் வடிவான பொறியாயின் அடிப்பாகத்தை மட்டும் திருகி எடுத்தாற் போதும். வீட்டுக்குப் புதிய தொட்டி வைப்போர் சிலர், அடைக்கின்றதே என்று வளைவையே அகற்றி நேர்க்குழாய் பூட்டிவிடுகின்றனர். இது திருடன் வருவானென்று கதவைக் கழற்றிவைத்ததை ஒக்கும். பண்டை நம் வீடுகளில் அடுக்களைத் தண்ணீர் திறந்த வாய்க்காலிலே ஓடி வாழைப்பாத்தியைச் சேர்ந்தது. மூடிய குழாய் இல்லாதபோது பொறியும் வேண்டியதில்லை. மூடிய குழாயும் வேண்டும், பொறி மட்டும் வேண்டாம் என்பது இயலாது.

கம்மிங்கின் பிற்காலத்துக்கு வருவோம். எடின்பரோ அரச சங்கம் 1783இல் நிறுவப்பெற்றபோது அதன் தொடக்க உறுப்பினருள் ஒருவராயினார். வண்டிச் சக்கரங்களின் வடிவத்தினாலே தெருக்கள் பழுதுபடும் வகையினை ஆராய்ந்து 1797இல் எழுதினார். ஒருபுறஞ் சரிந்த சக்கரத்தினும் உருளைபோற் சமமான சக்கரமே தெருவுக்குத் தீங்கு செய்யாது என்பது அவர் கொள்கை. இலண்டனின் வடபால், பென்டன்வில் பகுதியிலே குடியேறி, அங்கே நீதிவானாகவும் கடமையாற்றினார். அங்குள்ள தெருவொன்று இன்றும் கம்மிங் தெரு என்று வழங்குகின்றது. பியூட் பிரபுவுக்காகத் தாம் முன்னே செய்த, தானே இசைக்கும் ஓகனைப் பற்றி 1812இல் ஒரு சிறுநூல் வெளியிட்டார். முதுமையிலும் குழாயும் காற்றும் அவரை விடவில்லை. 1814ஆம் ஆண்டு மார்ச் மாதம் 8ஆம் நாள் பென்டன்வில்லிலே காலமானார்.

மன்னருக்குச் செய்தது போன்ற அமுக்கம் எழுதும் கடிகாரம் ஒன்றை அவர் தமக்காகவும் 1766இற் செய்து வைத்திருந்தார். அவர் மறைவின் பின் அதனை வாங்கியவர் லூக் ஹவார்ட். முகில்களுக்கு இன்று உலகம் வழங்கும் பெயர்களை வகுத்த அவர், அக்கடிகாரத்தின் வரைதாள்களைக் கொண்டு இலண்டனின் காலநிலையை ஆராய்ந்தார்.

கம்மிங் மறைந்த அடுத்த ஆண்டிலே, 1815இல், வீட்டுக் கழிவை நகரத்து வடிகால்களிலே விட இலண்டனில் அனுமதி பிறந்தது. வீடுகள் தூய்மையாயின, தேம்ஸ் நதி மலக்குழியாயிற்று. அந்நதியின் நீரையே மக்கள் பருகினர். வாந்திபேதி பலமுறை வந்து ஆயிரக்கணக்கானோரைக் கொண்டுசென்றது. 1858ஆம் ஆண்டுக் கோடையிலே எழுந்த நாற்றம் நாடாளுமன்றத்தையே கலக்க, அதன்பின்னரே பெருங்கால்வாய்கள் வெட்டப்பெற்றன. நாற்றத்தினாலேயே நோய் பிறக்கின்றது என்பது அக்காலத்தார் பெரும்பாலோர் நம்பிக்கை. 1871இல் வேல்ஸ் இளவரசர் ஸ்கார்பரோவிலே ஒரு பிரபுவின் மாளிகையில் விருந்தினராகத் தங்கி மீண்டபின் தைபோய்ட் காய்ச்சலில் விழுந்து மரணவாயில் வரை சென்றபோதும், கழிவுக்குழாயின் வாயுவே காரணம் என்றனர். இளவரசர் பிழைத்தார், உடன் தங்கிய செஸ்டர்பீல்ட் பிரபு இறந்தார். அதன்பின் செல்வரெல்லாம் தம் வீட்டுக் குழாய்களைக் குனிந்து பார்க்கலாயினர். கிருமிகளைப் பற்றிய அறிவு வளர்ந்தபின், வாந்திபேதியும் தைபோய்டும் நீரினாலும் உணவினாலும் பரவுவன என்று தெளிவாயிற்று. நாற்றக் கொள்கை வீழ்ந்தது. வளைவும் மூக்குக்கு இதமான ஒரு வசதி என்ற அளவுக்கு மதிப்பில் இறங்கிற்று.

அந்நிலையிலேதான் 2003ஆம் ஆண்டு வந்தது. சார்ஸ் என்னும் சுவாசநோய் ஹொங்கொங் நகரத்திலே பரவிய காலம். அமோய் கார்டன்ஸ் என்னும் மாடிக்குடியிருப்பிலே மார்ச் மாதத்தில் நோயாளி ஒருவர் உறவினர் வீட்டிலே தங்கி, அங்குள்ள மலசலகூடத்தைப் பயன்படுத்தினார். சில நாட்களிலே அக்குடியிருப்பில் 300க்கு மேற்பட்டோர் நோயுற்றனர், பலர் இறந்தனர். ஒருவரோடொருவர் பேசியும் பழகியும் அறியாத, வெவ்வேறு மாடிகளில் வாழ்ந்தோர் அவர்கள். நகரத்துச் சுகாதாரப் பகுதியினர் ஆராய்ந்து கண்டது யாது? ஒவ்வொரு குளியலறைத் தரையிலும் ஒரு வடிதுவாரம் இருந்தது. அதன் கீழ் முறைப்படி வளைவும் இருந்தது. ஆனால் குடியிருந்தோர் தரையை நீரூற்றிக் கழுவாது ஈரத்துணியால் துடைத்து வந்தமையாற் பல வளைவுகளில் நீர் வற்றிப்போயிருந்தது. குளியலறைக் காற்றாடியைச் சுழலவிட்டபோது, அது கழிவுக்குழாயிலிருந்த நச்சுத்துளிகளை அந்த வெறும் வளைவினூடே அறைக்குள் இழுத்துக்கொண்டது. நோய் பரவியதற்கு வேறு வழிகளும் கூறப்பட்டன. எனினும் வற்றிய வளைவுகள் முதன்மையானவற்றுள் ஒன்று.

அதன்பின் ஹொங்கொங் அரசாங்கத்தார் மக்களுக்கு அறிவித்த காப்பு முறைகளுள் ஒன்று மருந்துமன்று, எந்திரமுமன்று. வீட்டிலுள்ள ஒவ்வொரு வடிதுவாரத்திலும் வாரத்துக்கு ஒருமுறை அரை லீற்றர் நீர் வார்க்க வேண்டும் என்பதே அது.